சர்ஹுல் பண்டிகையும் குடுக் மொழியும்: ராஞ்சி பயணக் குறிப்புகள்

30 மார்ச் 2025, ஞாயிறு – ராஞ்சி

சேலத்தில் ஏறிய ரயில் ஐந்து மணி நேரம் தாமதமாக ராஞ்சிக்கு வந்தது. பெட்டியில் பாதிப்பேர் திருப்பூர், கோவைப் பக்கம் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் பிள்ளைகள். சால் மரம் பூக்கும் காலத்தில் ஆதிவாசிகள் கொண்டாடும் சர்ஹுல் பண்டிகைக்கு ஊர் திரும்புகிறார்கள். எதிர் இருக்கையில் இருந்த பையன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடமாகக் கட்டிங் பிரிவில் இருக்கிறான். நான் தமிழில் பேசுவதைக் கேட்டதும், "அக்கா, எந்த ஊருங்க?" என்று கொங்குத் தமிழில் ஆரம்பித்துவிட்டான். விஜயவாடா தாண்டுவதற்குள் அவன் கொண்டுவந்த முறுக்கும் எங்கள் புளிசாதமும் கைமாறிவிட்டன.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ஒன்பதாம் வகுப்பு இயல் ஒன்றில் திராவிட மொழிக் குடும்பம் பாடம் வரும். தென் திராவிடம், நடுத் திராவிடம், வட திராவிடம் என்று பிரித்து, வட திராவிடத்தில் குரூக், மால்தோ, பிராகுயி என்று எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். அந்தக் குரூக்கைப் பேசுகிற ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. இந்தப் பையன் ஒராஓன் என்ற பழங்குடி இனத்தவன். வீட்டில் பேசுவது அதே மொழிதான், அவர்கள் சொல்வது 'குடுக்' என்று. அவன் மட்டுமில்லை, 2011 கணக்கெடுப்பில் குடுக்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர். துளு பேசுகிறவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, வங்காளம், அசாம் என்று பரவி இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோனதில்தான் வங்காளத்து டுவார்ஸுக்கும் அசாமுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

"நாளைக்கு எங்க ஊருக்கு வாங்க. அம்மா சந்தோசப்படுவாங்க" என்றான். வீட்டுக்காரர் முப்பது வருடம் வங்கி வேலையில் வடக்கே சுற்றியவர், இந்தி தண்ணீர் பட்ட பாடு. அவர் சரி என்று தலையாட்டியதும் முடிவாகிவிட்டது.

இரவுச் சாப்பாடு நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில். துஸ்கா ஒன்று 10 ரூபாய். அரிசியும் கடலைப்பருப்பும் ஊறவைத்து அரைத்து, கரண்டியால் எண்ணெயில் ஊற்றிப் பொரிப்பது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. கூடவே கொண்டைக்கடலை, உருளைக்கிழங்குக் குழம்பு. கடைக்காரர் குழம்பைக் கேட்காமலே மூன்று தடவை ஊற்றினார், காசு கேட்கவில்லை.

31 மார்ச், திங்கள் – மாண்டர் பக்கம் ஒரு கிராமம்

இன்று ரம்ஜான். காலையில் ராஞ்சித் தெருக்களில் புதுச் சட்டைக் குழந்தைகள். ராத்து சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்து மாண்டருக்கு 40 ரூபாய். ஓட்டுநர் முஸ்லிம் பெரியவர், இறங்கும்போது ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் கையில் கொடுத்து அனுப்பினார். மாண்டரிலிருந்து பையன் பைக்கில் இரண்டு நடை அடித்து எங்களை ஊருக்குக் கொண்டுபோனான்.

வெயில் சுள்ளென்று இருந்தது, ஆனால் சென்னைப் புழுக்கம் கிடையாது. வழியெல்லாம் சால் மரங்கள் பூத்துக் கிடந்தன. பூ வெளிர்மஞ்சள், சின்னது, கொத்துக் கொத்தாக. இலுப்பை மரத்தடிகளில் பெண்கள் குனிந்து பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த இலுப்பைப் பூ கிலோ 40 ரூபாய்க்கு வியாபாரி எடுத்துக்கொள்கிறானாம்.

வீடு மண்சுவர், நாட்டு ஓடு. வாசலில் நிற்கும்போதே பையனின் அம்மா பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, எங்கள் கையில் அவரே ஊற்றிக் கழுவிவிட்டார். விருந்தாளிக்குச் செய்யும் முதல் மரியாதை அதுதான். அப்புறம்தான் பேச்சு. நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. கட்டில் போட்டார்கள், உட்கார்ந்தோம்.

சர்ஹுலுக்கு முந்தைய நாளான இன்று விரதம். ஆண்கள் வயல் ஓடையில் மீனும் நண்டும் பிடிக்கப் போவார்கள். மதியம் பையனும் அவன் சித்தப்பாவும் சேறு பூசிய காலோடு வந்து கூடையைக் கொட்டினார்கள். அந்த நண்டுகளை எண்ணிய பாட்டிதான் இந்தப் பயணத்தில் எனக்கு மறக்க முடியாதவர். "ஓண்டா, ஏண்ட், மூந்த், நாஃக்…" நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்தாவது நண்டுக்கு வந்ததும் பாட்டி இந்தி எண்ணுக்கு மாறிவிட்டார். மறுபடி எண்ணச் சொன்னேன். நான்கு வரைக்கும் நம் எண்கள். அதற்கு மேல் அக்கம்பக்கத்து மொழியின் எண்கள். இன்றைய குடுக்கில் எல்லோருக்கும் அப்படித்தான். சந்தையில் எண்ணுவது யாரோடோ, எண்ணும் அவர்களுடையதாகிவிடுகிறது.

பாடப்புத்தகத்தில் 'கண்' என்ற சொல்லுக்கு ஒரு அட்டவணை உண்டு. அதில் குரூக் என்ற இடத்தில் 'ஃகன்' என்று அச்சிட்டிருக்கும். ஆய்தத்தை எப்படி உச்சரிப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள், நானும் தொண்டையைச் செருமிக் காட்டுவேன். பாட்டி தன் கண்ணைத் தொட்டு அதைச் சொன்னபோது தொண்டையின் அடியிலிருந்து இயல்பாக வந்தது அந்த ஒலி. பல்லுக்கு அவர்கள் சொல்வதும் 'பல்'தான். தண்ணீர் 'அம்ம்'; நம் நிகண்டுகளிலும் அம் என்றால் நீர். தன்னைச் சொல்லும்போது 'ஏன்', என்னைச் சொல்லும்போது 'நீன்'. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், ஒப்பிலக்கணத்தின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒராஓன் மொழியைத் திராவிட வரிசையில் வைத்தார். நூற்றைம்பது வருடமாக ஏட்டில் இருக்கிற உறவு. பாட்டிக்கு அது செய்தியே இல்லை. பையன் குடுக்கில் விளக்கிச் சொன்னான். கேட்டுவிட்டு, "அப்படியா, அப்ப சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும்" என்றார்.

அவர்கள் தங்கள் பூர்வீகமாகச் சொல்வது வேறு இடத்தை. பீகாரில் சோன் ஆற்றங்கரைக்கு மேலே இருக்கிற ரோஹ்தாஸ் கோட்டை. அங்கே ஒராஓன் அரசு இருந்ததாம். சர்ஹுல் நாளில் ஆண்கள் குடித்துக் கிடந்த நேரம் பார்த்து எதிரிப்படை வந்தது. சினகி தாய், கைலி தாய், சம்பு தாய் என்ற பெண்கள் மற்ற பெண்களைத் திரட்டி ஆண் வேடம் கட்டிப் போரிட்டு மூன்று முறை விரட்டினார்கள். அதன் நினைவாகத்தான் நெற்றியில் மூன்று கோடு பச்சை குத்திக்கொள்வது. பாட்டிக்கு அந்த மூன்று கோடும் இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெண்கள் வேட்டி, தலைப்பாகை கட்டி வேட்டைக்குக் கிளம்பும் 'ஜனி ஷிகார்' இன்றைக்கும் நடக்கிறது. பாட்டி இளவயதில் அதற்குப் போய் ஒரு ஊர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு உறுத்தலாக இருந்தது ஒன்று. பாட்டியும் அம்மாவும் தங்களுக்குள் குடுக். பையன் அம்மாவோடு குடுக், தம்பியோடு சாத்ரி, ஊர் அலுவலகத்தில் இந்தி, திருப்பூரில் தமிழ். அண்ணன் மகள் ஏழு வயது. அவள் பாட்டி சொல்வதைப் புரிந்துகொள்கிறாள், பதில் மட்டும் சாத்ரியில் சொல்கிறாள். குடுக்கும், முண்டாரியும், காரியாவும் பேசுகிற மூன்று இனத்தாரும் சந்தையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள உதவிய மொழி சாத்ரி. இப்போது அது வீட்டுக்குள் வந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாடு சோறு, நண்டுக் குழம்பு, புட்கல் கீரைத் துவையல். கீரை புளிப்பு, காயவைத்து வைத்திருந்து வெயில் காலத்தில் அரைப்பார்களாம். அரிசிக் கள்ளான ஹண்டியாவை முதலில் தரையில் சில துளி முன்னோருக்குச் சிந்திவிட்டுத்தான் தொன்னையில் குடித்தார்கள். எங்களை யாரும் வற்புறுத்தவில்லை. வீட்டுக்காரர் ஒரு தொன்னை வாங்கிக்கொண்டார், நீராகாரத்தின் புளிப்பு இருந்ததாம்.

1 ஏப்ரல், செவ்வாய் – சர்ஹுல்

ஊரின் புனிதத் தோப்பு சர்னா. கோயிலோ சிலையோ கிடையாது, வயது தெரியாத சால் மரங்கள் மட்டும். காடு வெட்டி ஊர் அமைத்தபோது முதல் காட்டின் ஒரு துண்டை வெட்டாமல் விட்டது இதுதான் என்றார்கள். தோப்பில் குடியிருப்பது சாலா பச்சோ என்ற முதிய தாய். எல்லாவற்றுக்கும் மேலே தர்மேஸ் என்ற கடவுள். சூரியனுக்கும் பூமிக்கும் இன்று கல்யாணம். அது முடியும்வரை ஏர் பூட்டக் கூடாது, புதிதாக வந்த பூவையும் காயையும் வாயில் வைக்கக் கூடாது. குடுக்கில் இந்தத் திருநாளுக்குப் பெயர் ஃகத்தி.

பாஹன் என்னும் ஊர்ப் பூசாரி நேற்று மாலையே இரண்டு புதுப் பானையில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். காலையில் பார்த்து மழை சொல்வார். தண்ணீர் குறையாமல் இருந்தால் நல்ல மழை. குனிந்து பார்த்து, விரலால் விளிம்பை அளந்து, "நல்லா பெய்யும்" என்றார். அத்தனை பேர் முகத்திலும் வெளிச்சம். பம்பு செட்டு இல்லாத மேட்டு நிலம். ஆடி மழைதான் நெல்லு. வெள்ளை, சிவப்பு, கறுப்புச் சேவல்கள் பலி. அதற்குப் பின் சால் பூவை முறத்தில் ஏந்தி பாஹன் முன்னால் வர, மாந்தர் என்ற முழவு முழங்க ஊர்வலம்.

பெண்கள் சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். கை கோத்து, பக்கவாட்டில் இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே. அம்மா என் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் சேர்த்துவிட்டார். அரைமணி நேரத்தில் முட்டி வலித்தது. பக்கத்துப் பெண் அதைக் கவனித்து, ஆட்டம் நிற்காமலே என் எடையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் ராஞ்சி ஊர்வலம் பார்க்கத் திரும்பினோம். சாலை முழுக்க லாரி, டிராக்டர், மேலே ஆட்கள், சிவப்பும் வெள்ளையுமான உயரக் கொடிகள். முப்பது கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். நகரில் சிரம் டோலி மைய சர்னா தலத்தை நோக்கி எல்லாக் குழுவும் போகிறது. இந்த வருடம் அங்கே ஒரு கொதிப்பும் இருந்தது. புதிய மேம்பாலத்தின் சரிவு, தலத்தின் வாசலை அடைக்கிறது என்று மார்ச் 22 அன்று ஆதிவாசி அமைப்புகள் நகரை அடைத்துப் போராடியிருந்தார்கள். ஊர்வலத்திலும் அதற்கான பதாகைகள் இருந்தன. கூடவே சர்னா கோட் பதாகைகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று கட்டம் இருப்பதுபோல சர்னா வழிபாட்டுக்கும் தனிக் கட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானமே நிறைவேற்றியது. இன்னும் கட்டம் வரவில்லை. என்னைக் கேட்டால், ஒரு மக்கள் கூட்டம் தன் வழிபாட்டைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளக் கேட்பதில் காத்திருக்க வைக்க ஒன்றுமே இல்லை.

கொடிகள் மின்கம்பியில் பட்டு விபத்து நேரக் கூடாது என்று மத்தியானமே நகரில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். ராத்திரி விடுதிக்கு வந்தால் ஃபேன் இல்லை, லிப்ட் இல்லை, நான்காவது மாடி. ஜெனரேட்டரில் வராந்தா விளக்கு மட்டும். போனும் அணைந்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண் தன் பவர் பேங்கை எடுத்துக் கொடுத்து, பனை ஓலை விசிறியும் ஒன்று தேடித் தந்தாள். அவளும் சிவப்புக் கரைச் சேலைதான், காதோரம் சால் பூ. ஊர்வலத்துக்குப் போக விடுப்பு கிடைக்கவில்லையாம்.

2 ஏப்ரல், புதன் – ராஞ்சி

முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே 37 டிகிரி. மாலையில் புழுதிக் காற்று. சாப்பாடு சில்கா ரொட்டி, அரிசி மாவும் பருப்பும் கலந்து தோசைக் கல்லில் வார்ப்பது. இரண்டு ரொட்டி, சட்னி, 50 ரூபாய்.

3 ஏப்ரல், வியாழன் – கும்லா

பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். கும்லா மாவட்டம்தான் குடுக்கின் உள்வீடு. பஸ்ஸில் ஏறும்போதே தெரிந்தது: ராஞ்சியில் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியிருந்த மொழி, இங்கே டிக்கெட் சில்லறைக்குச் சண்டை போட்டது. பின் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனைப் பார்த்தபடி முழுக்க முழுக்கக் குடுக்கில் பேசிச் சிரித்தார்கள். மனசு லேசானது. பாட்டியின் வீட்டைப் பார்த்துவிட்டு எல்லா இடத்தையும் கணக்குப் போட்டுவிடக் கூடாது.

1971 போரில் உயிர் கொடுத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற ஆல்பர்ட் எக்கா இந்த மாவட்டத்துக்காரர். எக்கா என்பது குலப்பெயர். குலச் சின்னம் ஆமை. பஸ் நிலையப் பழக்கடைக்காரர் குலம் ஃகாஃகா, காக்கை. திர்க்கிக்குச் சுண்டெலி, மிஞ்சுக்கு விலாங்கு. தன் குலச் சின்னத்தைக் கொல்லவும் மாட்டார்கள், தின்னவும் மாட்டார்கள். ஒரே குலத்துக்குள் கல்யாணமும் இல்லை. தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இந்தப் பெயர்களைக் கைவிடவில்லை.

டீக்கடையில் வெள்ளைக் கதர் உடுத்திய முதியவர் ஒருவர் தனியே நின்றிருந்தார். வீட்டுக்காரர் டீ வாங்கித் தரப் போனபோது கைகூப்பி மறுத்துவிட்டார், வெளியில் சமைத்தது எதையும் தொடமாட்டாராம். அவர் தானா பகத் இயக்கத்தவர். 1914-இல் இதே மாவட்டத்துப் பிஷுன்பூர் பக்கம் ஜத்ரா ஒராஓன் என்ற இளைஞர், ஜமீன்தாருக்குக் கூலியில்லாத வேலை செய்யாதே, வரி கட்டாதே, கள்ளும் கறியும் விடு என்று கிளப்பிய இயக்கம். பிறகு காந்தியோடு சேர்ந்தார்கள். வரி கட்டாததால் நிலம் ஏலம் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு திருப்பித் தரச் சட்டம் வந்தது. "உங்களுக்கு வந்துவிட்டதா ஐயா?" என்று கேட்கச் சொன்னேன். தாத்தாவுடையதில் பாதி வந்தது, மீதிக்கு இன்னும் அலைகிறோம் என்றார். வீட்டு முற்றத்தில் ராட்டை போட்ட மூவர்ணக் கொடிக்கு தினமும் பூசை செய்கிறாராம். கோபமே இல்லாமல் சொன்னார். கேட்ட எனக்குத்தான் கோபம் வந்தது.

மத்தியானச் சாப்பாடு, ஓட்டலில் சால் இலையில் மடுவா ரொட்டி, நாட்டுக்கோழிக் குழம்பு, 180 ரூபாய். மடுவா நம் கேழ்வரகு. காரம் மதுரைக்காரர்களுக்கே தாங்காது.

4 ஏப்ரல், வெள்ளி – ராஞ்சி, புறப்பாடு

ரயிலுக்கு நேரம் இருந்தது. புத்தகக் கடை தேடிப் போனோம். குடுக் புத்தகம் என்றதும் கடைக்காரர், "எந்த எழுத்தில்?" என்று கேட்டார். பெரும்பாலும் தேவநாகரியில்தான் அச்சாகிறது. ஆனால் நாராயண் ஒராஓன் என்ற மருத்துவர் 1999-இல் தோலோங் சிகி என்று தனி எழுத்தே உருவாக்கித் தந்திருக்கிறார். பள்ளித் தேர்வில் குடுக் பாடத்தை அந்த எழுத்திலேயே எழுதலாம். ஜெர்மன் பாதிரியார் ஃபெர்டினாண்ட் ஹான் 1900-இல் ரோமன் எழுத்தில் இலக்கணம் எழுதினார். சரியாக ஒரு நூற்றாண்டுக்குள் மொழிக்காரர்களே தங்கள் எழுத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

கடையில் அதிகம் விற்பது அரிச்சுவடி இல்லை, கைடு. அரசு வேலைத் தேர்வில் குடுக்கை ஒரு தாளாக எடுக்க முடியும். நாங்கள் நின்ற அரைமணியில் நான்கு பிள்ளைகள் வந்து 220 ரூபாய் கைடை வாங்கிப் போனார்கள். ஒரு பையன் சாத்ரியில்தான் பேசினான். வீட்டில் குடுக் போய்விட்டது, தேர்வுக்காக இப்போது பாட்டியிடம் கற்றுக்கொள்கிறேன் என்றான். வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. மார்க்குக்காகப் படிப்பது ஒரு பற்றா என்றார்.

அவரோடு நான் ஒத்துப்போகவில்லை. நான் புலவர் படிப்பில் சேர்ந்ததே சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று அப்பா சொன்னதால்தான். குறுந்தொகை பிடித்துப்போனது இரண்டாம் வருடத்தில். அந்தப் பையன் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். கைடு 220 ரூபாய்க்கு அதுவரைக்கும் செய்திருக்கிறது.

தோலோங் சிகி அரிச்சுவடி 60 ரூபாய். இரண்டு வாங்கினேன். ஒன்றை மாண்டர் கிராமத்து ஏழு வயதுக்காரிக்கு அங்கேயே தபாலில் போட்டுவிட்டேன்.